தாத்தா 80: மலர் வேலை

மாலா அத்தை: அச்சகத்துல 18ஆம் தேதிக்குள்ள மேட்டர் வேணுமாம். அப்பா வாழ்க்கைய யாரு எழுதப் போறீங்க? ஒரு பேர் சொல்லுங்க

சிவா சித்தப்பா: கதிர்

பெரியப்பா: அவனுக்கு அந்தக் கத்துற பாட்டு கேக்கவே நேரம் பத்தல

கதிர்: பெரியப்பா, நமக்கு இப்ப முன்மாதிரியே அந்தக் கத்துற பாட்டுக்காரர் எழுதின சுயசரிதைதான். அயர்ன் மெய்டன்ங்கிற ஹெவி மெட்டல் குழுவோட பாடகர் புரூஸ் டிக்கின்சன். 2017ல வந்துச்சு. வேற ஆளு எழுதிக் கொடுக்கல, அவரே கையால எழுதுனது. முடிவுல ஒரு குறிப்பு போட்டிருப்பார்: பிறப்பு, கல்யாணம், விவாகரத்து எதுவும் இதுல கிடையாது. தன்னோடதும் இல்ல, அடுத்தவங்களோடதும் இல்ல. அதனாலதான் பாட்டு, வாள்சண்டை, விமானம் எல்லாத்துக்கும் இடம் கிடைச்சுது

சாந்தி சித்தி: வேன் 5 மணிக்கா 5.30க்கா

பானு அக்கா: கதிர், தாத்தா பேனா பிடிக்க மாட்டார். அதுக்கு இன்னொரு மெட்டல் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் வழிதான் சரி. 2009 புத்தகம் கிறிஸ் அயர்ஸ்ங்கிற பத்திரிகையாளரோட சேர்ந்து செஞ்சது. ஓசி பேசப் பேச அயர்ஸ் எழுதுனார். படிச்சா எதிர்ல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கும்

கதிர்: ஆமாக்கா. முறை ஓசியோடது, எதை விடணும்ங்கிறது டிக்கின்சனோடது

பெரியப்பா: அப்ப 1998 வீட்டு விஷயம்?

சிவா சித்தப்பா: அத ஏன் இப்ப

மாலா அத்தை: ரெண்டு பேரும் இங்க வேணாம்

கதிர்: பாகப்பிரிவினை வராது பெரியப்பா, யாரோட பக்கமும் வராது. வேலைல நடந்தது வரும். டிக்கின்சன் 1993ல மெய்டன விட்டு விலகுனதும் 1999ல திரும்பி வந்ததும் அவர் புத்தகத்துல இருக்கு

பெரியம்மா: கல்யாணத்த விட்டா, உங்க பாட்டி இல்லாம சதாபிஷேக மலரா? நல்லாருக்குடா

சாந்தி சித்தி: 👆

பானு அக்கா: பெரியம்மா சொல்றது நியாயம். ராத்திரி 2 மணிக்கு ரயில்வேலருந்து டூட்டிக்குக் கூப்பிட கால் பாய் வந்து கதவ தட்டுனா எந்திரிச்சு சோறு கட்டினது பாட்டி. அதுவும் இன்ஜின் டிரைவர் வேலைதான். உள்ள வரணும்

கதிர்: கண்டிப்பா. அந்த மாதிரி கிட்டக்க நின்னு பாத்த விஷயம்தான் வேணும். "கடுமையா உழைத்தார்"னு எழுதினா ஒண்ணுமே தெரியாது. மெய்டனோட 1982 ஆல்பத்துல "த நம்பர் ஆஃப் த பீஸ்ட்" பாட்டோட ஆரம்ப வரிகள் ரொம்ப மெதுவா வரும். தயாரிப்பாளர் மார்ட்டின் பிர்ச் அந்தக் கொஞ்சூண்டு வரிய மணிக்கணக்கா திரும்பத் திரும்பப் பாட வச்சார். டிக்கின்சன் வெறுத்துப்போய் நாற்காலிய தூக்கி எறிஞ்சார். அதுக்கப்புறம் வர்ற நீள அலறல்ல அந்தக் கோபம் அப்படியே இருக்கு. தாத்தாகிட்டயும் இப்படித்தான் கேக்கணும்: ஒய்பி நீராவி இன்ஜின்ல பாம்பன் பாலம் ஏறும்போது கை எதுல இருக்கும், கரி அள்ளிப் போடுற ஃபயர்மேன் என்ன பண்ணுவார்

சிவா சித்தப்பா: அப்பாவ கண் பார்வை குறைஞ்சதுன்னு இன்ஜின்லருந்து இறக்குனது? மனசு கஷ்டப்படுவாரே

கதிர்: அதுதான் முக்கியமான அத்தியாயம் சித்தப்பா. டிக்கின்சனுக்கு நாக்கோட பின்பகுதில புற்றுநோய்க் கட்டி. 33 தடவை கதிர்வீச்சு, 9 வாரம் கீமோ. 2015 மே மாசம் குணமாயிட்டார். குரலே பிழைப்பா இருக்கறவருக்கு அது வேலையையே தொட்டுடுச்சு, அதனால அத ஒளிக்கல. அடுத்த வருஷமே 747 விமானத்த ஓட்டிட்டுப் போய் பாடினார். ஆனா தாத்தா வேணாம்னா வேணாம், அவர்தான் முடிவு பண்ணணும்

பெரியப்பா: பாடகர் விமானம் ஓட்டுனாரா?

கதிர்: ஆமா, லைசென்ஸ் வாங்கி ஏர்லைன்ஸ் பைலட்டா வேலை பாத்தவர். 2008ல மெய்டன் சுற்றுப்பயணத்துக்கு அவர் ஓட்டின 757 விமானத்துல பின்பக்க சீட்ட எடுத்துட்டு அங்க சாமான் ஏத்தினாங்க. முதல் நிகழ்ச்சி மும்பைல, பிப்ரவரி 1

பெரியப்பா: சரி, அப்பாகிட்ட நான் சொல்றேன்

பானு அக்கா: ரெக்கார்டிங்: ஒரு தடவைக்கு 40 நிமிஷம், அதுக்கு மேல களைச்சுப் போவார். ஃபேன நிறுத்துங்க, இல்லன்னா இரைச்சல்ல பேச்சு அமுங்கிடும். போன் மடியில வேணாம், அவர் முன்னாடி ஒரு முழத்துல. "உங்க வாழ்க்கைய சொல்லுங்க"னு கேக்காதீங்க, ஒரு போட்டோவ கையில கொடுங்க. வருஷத்த சர்வீஸ் புக் வச்சு சரிபாருங்க, ஞாபகம் ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னபின்ன ஆகும். நடுவுல பின் அடிக்கறதுன்னா பக்கம் நாலோட மடங்கா வரணும்

சாந்தி சித்தி: கல்யாண போட்டோ?

கதிர்: போட்டோ பக்கம் தனியா சித்தி

பெரியம்மா: அதுல யார் யார்னு பாத்துட்டுதான் அச்சுக்குப் போகணும்

மாலா அத்தை: 32 பக்கமா 48 பக்கமா? அச்சகக்காரர் கேக்குறார்

சிவா சித்தப்பா: 48

பெரியப்பா: செலவு யாரு