மறு: கேக் மிக்ஸ் – தமிழில் என்ன? (நாளை மாலைக்குள் வேண்டும்)

நண்பர்களுக்கு வணக்கம்.
சிறுவர் சமையல் வகுப்புக்கு ஒரு பக்கக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். செய்முறை எளிது: ஒரு பெட்டி கேக் மிக்ஸ், இரண்டு முட்டை, அரைக் கோப்பை எண்ணெய். பிசைந்து, உருட்டி, 175 பாகை செல்சியசில் 10 நிமிடம் சுட்டால் குக்கீ. நான் எழுதிவைத்திருப்பது: "மாவில் முட்டையும் எண்ணெயும் விட்டு மாவாகப் பிசையவும், மாவு, கேக் மாவைப் போல் நெகிழ்ந்திருக்கக் கூடாது." நான்கு மாவு, மூன்று பொருள். கைகொடுங்கள்.
– மா.

அன்புள்ள மா.,
கேக்குக்கு 'அணிச்சல்' இருக்கிறது. குக்கீக்கு 'ஈரட்டி' இருக்கிறது. ஆகவே 'அணிச்சற்கலவை'. கடற்கரை போலப் புணரும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?
– இல.

ஐயா, இருக்கிறது. ஈரட்டி என்பது பிஸ்கட்டின் இலத்தீன் வேரைத் தமிழாக்கியது: இருமுறை அட்டது, அதாவது சுட்டது. குக்கீ ஒருமுறைதான் அடுப்புக்குள் போகிறது. அந்தச் சொல் டச்சு மொழியில் 'சிறு கேக்' என்ற பொருளில் பிறந்தது. நடுப்பகுதி மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். ஆற ஆறத்தான் இறுகும். இரண்டாம் முறை அட்டால் பல் போய்விடும். பத்து வயதுப் பிள்ளை அணிச்சல் என்று படித்தால் அனிச்ச மலரோ என்று மோந்து பார்க்கும்.
– சே.

இருவரும் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையை மறந்துவிட்டீர்கள். அப்பம் சுட்டு விற்ற கூவியர் பாகொடு பிடித்த 'இழைசூழ் வட்டம்' என்ற அப்பம் அங்கே பாலில் கிடக்கிறது. குக்கீக்கு 'வட்டு' என்றால் போதாதா? கூவியர் என்பதே 'கூவல்' அடியாகப் பிறந்திருக்கலாம் என்பது என் நெடுநாள் ஐயம். கூவல் பள்ளம், குழிந்த அகலில் சுட்டவர் கூவியர்.
– க.

கூவி விற்றதால் கூவியர் என்று ஏன் கொள்ளக் கூடாது?
– இல.

அப்படியானால் உப்பு விற்ற உமணரும் கூவியரே. மதுரைக்காஞ்சியிலும் கூவியர் வருகிறார்கள், அங்கே உறங்குகிறார்கள். உறங்குபவர் எப்படிக் கூவுவார்?
– க.

பெரியோர் பொறுத்தருள்க. என் சிக்கல் கூவியர் அல்லர். பெட்டிக்குள் சர்க்கரையும் பேக்கிங் பவுடரும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. வெறும் 'மாவு' என்று எழுதினால் பிள்ளைகள் அவற்றை மறுபடியும் கொட்டுவார்கள். பெட்டியின் பின்புறக் குறிப்பைப் பார்த்துத் தண்ணீரையும் ஊற்றிவிட்டால், உருட்ட ஒன்றும் மிஞ்சாது.
– மா.

அப்படியானால் பெட்டியில் இருப்பது 'கேக் பொடி'. முட்டை சேர்ந்து கையில் உருள்வது 'பிசைமாவு'. கேக்குக்காகத் தட்டில் ஊற்றுவது 'கரைமாவு'. பின்னிரண்டும் ஊறுகாய் போல வினைத்தொகை. இலக்கணம் காத்தவர்களுக்கும் ஆறுதல். குக்கீ குக்கீயாகவே இருக்கட்டும்.
– சே.

பொடி என்றால் மூக்குப்பொடிதான் நினைவுக்கு வருகிறது. போகட்டும். தமிழில் ககர ஒற்று சொல்லின் ஈற்றில் நிற்காது. குறைந்தது 'கேக்கு' என்றாவது எழுதுங்கள், 'கேக்குப்பொடி'.
– இல.

அதைப் படிப்பவர் "யாருக்குக் கேட்கிறது?" என்பார்.
– சே.

அனைவருக்கும் நன்றி. கேக் பொடி, பிசைமாவு, கரைமாவு என்றே எழுதி அனுப்பிவிட்டேன். பொடி எனக்கும் முழு நிறைவு இல்லை. ஆனால் மணி ஆறாகிவிட்டது.
– மா.

என் மறுப்பு மறுப்பாகவே நிற்கிறது. ககர ஈறு!
– இல.

'வட்டு' ஏன் கூடாது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.
– க.

சதுரமாக வெட்டினால்?
– சே.