வெனிசுவேலா: எண்ணெய்ப் பணத்தில் நடந்த மாற்றம் ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி:
1999இல் ஆட்சிக்கு வந்த ஊகோ சாவேஸ், எண்ணெய் வருவாயை மருத்துவம், கல்வி, மலிவு விலை உணவு என ஏழைகளின் பக்கம் திருப்பினார், வறுமையும் குறைந்தது. அந்த மாற்றம் நிலைக்காமல் போனதற்கு, 2014இல் எண்ணெய் விலை சரிந்தது மட்டுமே காரணமா?

மறுமொழி 1:
விலைச் சரிவு மட்டும் காரணமன்று. 2002 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின், அரசு எண்ணெய் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 18,000 பேர் நீக்கப்பட்டனர். ஒரினோகோ பகுதியின் கெட்டியான எண்ணெயை எடுத்து ஏற்றுமதிக்குத் தகுதியாக்கும் நுட்பம் அறிந்த பொறியாளர்கள் பலர் அவர்களோடு வெளியேறினர். தொண்ணூறுகளின் இறுதியில் நாளொன்றுக்குச் சுமார் 30 லட்சம் பீப்பாயாக இருந்த உற்பத்தி, முதலீட்டுக் குறைவும் பின்னர் அமெரிக்கத் தடைகளும் சேர்ந்துகொள்ள, 2020இல் 10 லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

மறுமொழி 2:
ஐயா கூறியதோடு, 2003இல் வந்த அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டையும் (டாலரை அரசு வைத்த விலையில் அரசே பங்கிட்டுத் தரும் முறை) சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசு விலையில் மலிவாக டாலர் பெற்றவர்களுக்கு இறக்குமதியே லாபமானது. உள்நாட்டு உழவர்கள் நசுங்கினர். என் பார்வையில் இதுவே பெரிய தவறு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எண்ணெய்த் தொழில் 1976இலேயே தேசியமயமானது என்பதால், எண்ணெயை மட்டுமே நம்பும் இந்த ஒற்றைச் சார்பு சாவேஸுக்கு முன்பே வேரூன்றிவிட்டது என்றும், அவர் அதை அறுக்காமல் ஆழப்படுத்தினார் என்றும் புரிந்துகொள்கிறேன்.