பழைய சீ-டூ ஜெட் ஸ்கீ வாங்கப் போறேன், விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே, ஒன்டாரியோல லேக் சிம்கோ பக்கம் ஒருத்தர் 2015 மாடல் சீ-டூ ஜிடிஐ 130 விக்கிறார், டிரெய்லரோட, வர்ற சனிக்கிழமை போய் பாக்கணும். 1,494 சிசி ரோட்டாக்ஸ் எஞ்சின், சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்புறது) கிடையாது, அதப் பிரிச்சு ரீபில்ட் பண்ற செலவு வேணாம்னு தான் இந்த மாடலயே தேடுனேன்.

எனக்கு பெரிய பயமே இங்க அடிக்கிற குளிர் தான். எஞ்சினுக்குள்ள கூலன்ட் தனியா சுத்துது சரி, ஆனா எக்ஸாஸ்ட்டுக்கு ஏரித் தண்ணி தான போகுது, அதுல தண்ணி தங்கி உறைஞ்சா விரிசல் விட்டுடும், ஒழுங்கா வின்டரைஸ் (குளிர்காலத்துக்கு முன்னாடி உறையாம இருக்க தயார் பண்றது) பண்ணாங்களான்னு பாத்தே கண்டுபிடிக்க முடியுமா? டிப்ஸ்டிக்ல ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம், உடனே திரும்பி வந்துடுவேன், அதுக்கு மேல என்ன பாக்கணும்னு தெரியல.

இம்பெல்லர் (தண்ணிய பின்னாடி தள்ளுற விசிறி), அதைச் சுத்தி இருக்கற வேர் ரிங் ரெண்டையும் டார்ச் அடிச்சு பாத்துக்குவேன், கல்லு மண்ணு இழுத்திருந்தா கீறல் தெரிஞ்சிடும். டிரைவ் ஷாஃப்ட் வெளிய போற இடத்துல தண்ணிய தடுக்குற கார்பன் சீல் தான் புரியல, அது தேஞ்சா ஹல்லுக்குள்ள (வண்டியோட அடி உடம்புக்குள்ள) தண்ணி வரும்ங்கறாங்க, கரையில வச்சே செக் பண்ண வழி உண்டா?

ஹல் நம்பரும் லைசன்ஸ் பேப்பரும் ஒத்துப்போகுதான்னு பாப்பேன், ஏரில இறக்கி ஓட்டாம காசு குடுக்க மாட்டேன், பிள்ளைங்க ஏறப்போற வண்டிங்க இது.

கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர்ல அழுத்தம் சரியா இருக்கான்னு பாக்குறது) பண்ண கேஜோட கூட வர பேரி ஊர் பக்கம் யாராவது மெக்கானிக் இருக்காங்களா? காசு குடுத்துடுறேன், கமெண்ட்ல சொல்லுங்க ப்ளீஸ்.