மலை மேல 12 மணி நேர டியூட்டி: நாலு பேரை வச்சு ஓட்ட முடியுமா?

குன்னூர்_ரோஸ்டர்: ரெசிடென்ட் டாக்டருக்கு (ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்த்துக்கிட்டே மேற்படிப்புப் பயிற்சி எடுக்கிறவர்) வாரம் 48 மணி, ஒரே மூச்சில் 12 மணிக்கு மேல் கூடாதுன்னு மத்திய அரசு 1992லேயே சொல்லியாச்சு. இன்னும் காகிதத்தில்தான் இருக்கு. நீலகிரியில் இதை ஓட்டலாம். ஒரு வார்டுக்கு வாரம் 14 டியூட்டி. நாலு பேர், பகல், இரவு, ஓய்வு, ஓய்வுன்னு சுத்தினா ஆளுக்குச் சராசரி 42 மணி. மீதி 6 மணி ஹேண்ட் ஓவருக்கும் (டியூட்டி மாறும்போது நோயாளி விவரத்தை ஒப்படைக்கிறது) வகுப்புக்கும்.

கோத்தகிரி_சர்ஜரி: ஒருத்தர் லீவு போட்டாலே அது 56 மணி ஆயிடும், டாக்டர். தலைக்காயம் கோவைக்கு ரெஃபர் ஆகி, டியூட்டி டாக்டர் 108ல் கூடப் போனா வார்டில் யார்? ஐப்பசி மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிஞ்சா, மாத்த வர்றவர் மேட்டுப்பாளையத்திலேயே நிப்பார். அதோட, அப்பென்டிக்ஸ் வலி தொப்புளிலிருந்து வலப்பக்கம் இறங்குறதை அதே கை திரும்பத் தொட்டுப் பார்க்கணும். பாதியில் வீட்டுக்குப் போற பி.ஜி. (மேற்படிப்பு டாக்டர்) என்ன கத்துக்குவார்?

குன்னூர்_ரோஸ்டர்: அதுக்குத்தான் ஐந்தாவது ஆள். குவார்ட்டர்ஸில் ஸ்டாண்ட்பை, ரெஃபரலுக்கும் லீவுக்கும். மழைக்காலத்தில் மாத்த வர்றவர் முந்தின ராத்திரியே மேலே வந்துடணும். 24 மணி முழிச்சவர் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுறதை நினைச்சுப் பாருங்க. நீண்ட டியூட்டி முடிச்சு ஓட்டும் இன்டர்ன்களுக்கு விபத்து வாய்ப்பு 2 மடங்குக்கு மேல்னு 2005 அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கு.

கோத்தகிரி_சர்ஜரி: அதே அமெரிக்காதான் 2011ல் முதல் வருஷ ரெசிடென்ட்டுக்கு ஒரே மூச்சில் 16 மணிதான்னு வச்சு, 2017ல் திரும்ப 24க்குப் போச்சு. 2020ல் குழந்தைகள் ஐ.சி.யு.க்களில் டியூட்டியைக் குறைச்சும் தவறு கூடினதே?

குன்னூர்_ரோஸ்டர்: கூடின இடத்தில் ஒரு டாக்டர் தலையில் விழுந்த நோயாளிகளும் கூடியிருந்தாங்க. அதைக் கணக்கில் எடுத்தா வித்தியாசம் மறைஞ்சிடுச்சு. ஆள் போடாம மணியை மட்டும் வெட்டக் கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். ஹேண்ட் ஓவரை வாய்ச்சொல்லா விடாதீங்க. "5ஆம் படுக்கை, 10 மணிக்கு வயிறு திரும்பப் பார்க்கணும், இறுக்கம் வந்தா சர்ஜனைக் கூப்பிடணும்"னு எழுதிக் கொடுங்க. வாங்கறவர் அதைத் திருப்பிச் சொல்லணும். இப்படி முறைப்படுத்தின 9 மருத்துவமனைகளில் மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைஞ்சதா 2014ல் வெளிவந்தது.

கோத்தகிரி_சர்ஜரி: சரி, ஐந்தாவது ஆளுக்கு ஆர்டர் வந்தா ஒத்துக்கறேன். ஒரு நிபந்தனை: தான் அட்மிட் செஞ்ச கேஸ் தியேட்டருக்குப் போனா பி.ஜி. கூட நிக்க விடணும். அந்த மணி நேரத்தை அடுத்த ஓய்வில் சேர்த்துக் கொடுங்க.