விண்டோஸ் பூட் ஆகலையா? ரிப்பேருக்கு முன்னாடி ஃபைலை எடுத்துடுங்க

நீல ஸ்கிரீனைப் பார்த்ததும் பலரும் டிஸ்க்கைச் சோதிக்கற செக்டிஸ்க் கட்டளையை ஸ்லாஷ் ஆர் (chkdsk /r) போட்டு ஓட்டிடறாங்க. தயவுசெய்து வேண்டாம். அது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் படிக்க வைக்கும். தேய்ஞ்ச டிஸ்க்கா இருந்தா அங்கேயே படுத்துடும். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் (பூட் பென்டிரைவ் தயாரிக்கற செயலி) வச்சு லினக்ஸ் மின்ட் (இலவச இயங்குதளம்) எழுதி, இன்ஸ்டால் பண்ணாம லைவா, அதாவது பென்டிரைவிலிருந்தே, பூட் பண்ணுங்க. 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு பண்றது) தகவலைத் திறந்து 5 (கெட்டுப்போய் மாத்தின செக்டர்), 197 (படிக்க முடியாம நிக்கற செக்டர்) ரெண்டு வரியையும் பாருங்க. எண்ணிக்கை 0 இல்லாம ஏறிக்கிட்டே போனா கோளாறு டிஸ்க்கில்தான். ஹார்ட் டிஸ்க் டக் டக்னு தட்டினா உடனே பவரை எடுத்துடுங்க.

இதோட இன்னொன்னையும் சேர்த்துக்கோங்க. லைவில் சி டிரைவ் பெரும்பாலும் படிக்க மட்டும்தான் திறக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பால் விண்டோஸ் முழுசா மூடாம உறங்கிக் கிடக்கறதுதான் காரணம். காப்பி எடுக்க அதுவே போதும். பூட்டு போட்ட டிரைவா இருந்தா பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவி வேணும். பெரும்பாலும் மெஷினை முதல்ல செட் பண்ணின மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் கிடக்கும். சாவி இல்லைன்னா ஃபைலும் இல்லை.

எடுக்க மறக்கறது எது தெரியுமா? மறைஞ்சிருக்கற ஆப்டேட்டா ஃபோல்டரில் பிரவுசர் புக்மார்க், தண்டர்பேர்ட் மெயில்; டாலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர்; முக்கியமா பழைய தமிழ் ஃபான்டான பாமினி. அது போயிடுச்சுன்னா பழைய வேர்ட் ஃபைலெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்கும். காப்பி டிரைவ் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருக்கட்டும். ஃபேட்32-இல் 4 ஜிபி ஃபைல் ஏறாது.

காப்பியில் நாலஞ்சு ஃபைலை வேற மெஷினில் திறந்து பார்த்த பிறகு ரிப்பேருக்கு வாங்க. ரெகவரி கமாண்ட் பிராம்ப்டில் விண்டோஸ் இருக்கற டிரைவ் சி-யாவே இருக்கணும்னு இல்லை, டி அல்லது இ-னு மாறியிருக்கலாம். டிர் (ஃபைல் பட்டியல் காட்டற கட்டளை) அடிச்சு உறுதி பண்ணிக்கிட்டு, ரிப்பேர் கட்டளையின் ஆஃப்லைன் ஸ்விட்சில் (ஓடாத விண்டோஸ் எங்கே இருக்குன்னு சொல்ற பகுதி) அந்த எழுத்தையே கொடுங்க. டிஸம் (விண்டோஸின் ஃபைல் கிடங்கைச் சரிபண்ற கட்டளை) முதல்ல, எஸ்எஃப்சி (கெட்ட சிஸ்டம் ஃபைலை மாத்தற கட்டளை) அப்புறம். எஸ்எஃப்சி நல்ல ஃபைலை எடுக்கறது வின்எஸ்எக்ஸ்எஸ் கிடங்கில் இருந்து. கிடங்கே கெட்டிருந்தா அது எதைக் கொண்டு சரி பண்ணும்? கிடங்கைச் சரிபண்ற டிஸம்முக்கு அதே வெர்ஷன் இன்ஸ்டால் பென்டிரைவை சோர்ஸாக் காட்டணும்.

எதுவும் நடக்காம, ஃபார்மட் பண்ணாமலே புதுசா இன்ஸ்டால் பண்ணினா பழசெல்லாம் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரில் போய் உக்காரும். சாதாரணமா 10 நாளில் அது தானா அழிஞ்சிடும், அதுக்குள்ள வேண்டியதை வெளியே எடுத்துடுங்க.