சி நிரலுக்குள் டிஎன்எஸ் ரிசால்வரை அமைக்கும்போது சிக்கும் இடங்கள்: அனுபவப் பகிர்வு

ஒரு சி நிரல் மட்டும் தனி நேம்சர்வரைக் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்) கேட்க வேண்டும், டைம்அவுட்டும் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் நேம்சர்வர் பட்டியல் இருக்கும் கணினியின் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் கை வைக்கக் கூடாது. சர்வர் நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தேவை எப்படியும் வந்து சேரும். லினக்ஸில் ஜிலிப்சியோடு (சி மொழியின் அடிப்படை நூலகம்) வரும் ரிசால்வர் நூலகமே இதற்குப் போதும். வரிசை தப்பினால்தான் தொல்லை.

முதலில் ரெஸ்_ஸ்டேட் ஸ்ட்ரக்டை (ரிசால்வரின் அமைப்புகள் இருக்கும் இடம்) மெம்செட் போட்டு முழுக்கப் பூஜ்யமாக்குங்கள். அதன்பின் ரெஸ்_என்இனிட். அது ரிசால்வ்.கான்ஃபைப் படித்து ஸ்ட்ரக்டை நிரப்பி முடித்த பிறகுதான் உங்கள் மாற்றங்கள். முன்கூட்டியே போட்ட ரிட்ரான்ஸ் (டைம்அவுட்), ரிட்ரை (முயற்சி எண்ணிக்கை) மதிப்புகளை இனிட் சத்தமில்லாமல் மேலெழுதிவிடும், எந்தப் பிழையும் வராது. இனிட்டுக்குப் பின் என்எஸ்கவுன்ட் (நேம்சர்வர் எண்ணிக்கை) 1, என்எஸ்அட்ர்_லிஸ்ட்டின் (நேம்சர்வர் முகவரிப் பட்டியல்) முதல் இடத்தில் சின்_ஃபேமிலி, முகவரி, போர்ட் மூன்றையும் வையுங்கள். போர்ட்டுக்கு எச்டன்ஸ் (ஹோஸ்டிலிருந்து நெட்வொர்க் பைட் வரிசைக்கு மாற்றும் ஃபங்ஷன்) போட மறந்தால் 53 என்பது 13568 ஆகிவிடும். டிசிபிடம்ப்பில் (நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) இந்த எண்ணைப் பார்த்தால் வேறு எதையும் சந்தேகப்பட வேண்டாம்.

இயல்பான டைம்அவுட் 5 நொடி, முயற்சி 2. அதாவது ஒரே நேம்சர்வர் இருந்து அது செத்துக் கிடந்தால் ஒரு தேடலுக்கு 10 நொடி நிற்கும். ரிட்ரான்ஸை 2 நொடியாக்கினால் 4 நொடியில் முடியும். பட்டியலில் அதிகபட்சம் 3 நேம்சர்வர்தான். நான்காவது வரி ரிசால்வ்.கான்ஃபில் இருந்தாலும் அதைக் கண்டுகொள்ளாது.

ஐபிவி6 நேம்சர்வர் என்றால் என்எஸ்அட்ர்_லிஸ்ட்டில் இடமில்லை. ஸ்ட்ரக்டின் உள்ளே இருக்கும் எக்ஸ்ட் பகுதியில் ஒரு பாய்ன்டர் வைக்க வேண்டும், அதற்கு இணையான பழைய இடத்தில் சின்_ஃபேமிலி பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்தப் பாய்ன்டர் மாலக்கில் வாங்கிய நினைவிடத்தைக் காட்டுவது கட்டாயம். ரெஸ்_என்க்ளோஸ் அதை ஃப்ரீ செய்யும். ஸ்டாக்கில் இருக்கும் மாறியின் முகவரியைக் கொடுத்தால் தேடலெல்லாம் நன்றாக ஓடி, மூடும்போது நிரல் விழும். பிழையைத் தேடுகிறவர் தேடல் பக்கம்தான் முதலில் பார்ப்பார் என்பதால் இது பொல்லாத பிழை.

*

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இதை அப்படியே செய்துவிட்டு, பெயரைத் தேட கெட்அட்ரின்ஃபோவைக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். அங்கே ஒன்றுமே நடக்காது. ரெஸ்_என்இனிட் நிரப்பிய உங்கள் ஸ்ட்ரக்ட், ரெஸ்_என்க்வெரி, ரெஸ்_என்செர்ச் போன்ற 'என்' வகை ஃபங்ஷன்களுக்கு மட்டும்தான். கெட்அட்ரின்ஃபோவுக்கு அதை எட்டும் வழியே கிடையாது. அது பார்ப்பது _ரெஸ் என்ற பொது மாறியை.

'பொது' என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, ஜிலிப்சியில் _ரெஸ் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி. மெயினில் மாற்றினால் மெயின் த்ரெட்டுக்கு மட்டும். பத்து வொர்க்கர் த்ரெட் இருந்தால் பத்திலும் ரெஸ்_இனிட் கூப்பிட்டு, பத்திலும் மாற்ற வேண்டும். சோதனைக்கு எழுதிய சின்ன நிரல் சரியாக வேலை செய்து, அதே குறியீடு சர்வரில் பழைய நேம்சர்வரையே கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதையும் சரிசெய்த பிறகு இன்னொரு வாசல் இருக்கிறது: என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் (பெயரை எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் கோப்பு). அதில் ஹோஸ்ட்ஸ் வரியில் 'டிஎன்எஸ்' என்பதற்கு முன்னால் 'ரிசால்வ்' இருந்தால், கேள்வி நேராக சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற பின்னணிச் சேவைக்குப் போகும். _ரெஸ்ஸில் நீங்கள் எழுதியதை யாரும் படிக்கப்போவதில்லை. பெயர்த் தேடல்களைக் கேஷ் செய்யும் என்எஸ்சிடி ஓடினாலும் இதே கதை. ஆகவே, குறிப்பிட்ட நேம்சர்வரைத்தான் கேட்டாக வேண்டும் என்றால் கெட்அட்ரின்ஃபோவை நம்ப வேண்டாம். டைம்அவுட், முயற்சி போன்றவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்றால், ரெஸ்_ஆப்ஷன்ஸ் சூழல் மாறியை முதல் தேடலுக்கு முன்பே செட்என்வ் மூலம் வைப்பது எளிது. அது எல்லா த்ரெட்டுக்கும் பொருந்தும். செட்யுஐடி நிரல்களில் (கோப்பு உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடுபவை) மட்டும் வெளியிலிருந்து வரும் அந்த மாறியைப் பாதுகாப்புக்காக ஜிலிப்சியே நீக்கிவிடும்.

இன்னொன்று: ஜிலிப்சி 2.26இலிருந்து ரிசால்வ்.கான்ஃப் மாறினால் கெட்அட்ரின்ஃபோ தானாகவே மறுபடி படித்துக்கொள்ளும். ரெஸ்_என்இனிட்டில் உருவாக்கிய உங்கள் சொந்த ஸ்டேட்டுக்கு அந்த வசதி கிடையாது. மாதக்கணக்கில் ஓடும் நிரல் என்றால், கோப்பு மாறியதைக் கவனித்து ரெஸ்_என்க்ளோஸ், மெம்செட், ரெஸ்_என்இனிட் என்று நீங்களேதான் புதுப்பிக்க வேண்டும்.

*

ஜிலிப்சிக்கு மாற்றான மசல் நூலகத்தின் மேல் கட்டிய கன்டெய்னர்களில் இது எதுவும் எடுபடாது. ரெஸ்_என்இனிட் அங்கே கிடையவே கிடையாது, கம்பைல் ஆகாமல் நிற்கும். ரெஸ்_இனிட் பெயருக்கு இருக்கிறது, ஒன்றும் செய்யாது. பட்டியலில் உள்ள எல்லா நேம்சர்வரையும் மசல் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். 'உள் நேம்சர்வர் முதலில், பொது நேம்சர்வர் இரண்டாவது' என்று எழுதி வைத்திருந்தால், பொது நேம்சர்வர் முந்திக்கொண்டு 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று சொல்லிவிடும். ஒரு தடவை கிடைக்கும், மறு தடவை கிடைக்காது. டிசிபிக்கு மாறிக் கேட்கும் வசதியும் 2023இல் வந்த 1.2.4 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய மசலில் பெரிய பதில்கள் அரைகுறையாகத்தான் வரும்.

*

சரியாக 5 நொடித் தாமதம் என்றால் அதற்குத் தனி வைத்தியம் உண்டு. கெட்அட்ரின்ஃபோ ஏ (ஐபிவி4 முகவரி), குவாட்-ஏ (ஐபிவி6 முகவரி) இரண்டு கேள்விகளையும் ஒரே சாக்கெட்டில், ஒரே சோர்ஸ் போர்ட்டில் அடுத்தடுத்து அனுப்பும். இடையில் உள்ள சில ஃபயர்வால்கள் முதல் பதில் வந்ததும் இணைப்பு முடிந்ததாக நினைத்து இரண்டாவதை விழுங்கிவிடும். லினக்ஸ் கர்னலின் கான்ட்ராக்கிலும் (இணைப்புகளைக் கண்காணிக்கும் பகுதி) இரண்டு பாக்கெட் ஒரே சமயம் நுழையும்போது ஒன்று தொலைவதுண்டு. டிசிபிடம்ப்பில் கேள்வி இரண்டு, பதில் ஒன்று, 5 நொடி கழித்து மறுபடி கேள்வி என்று தெரிந்தால் இதுவேதான்.

கவனிக்க வேண்டிய நுணுக்கம்: ஒரு பதில் மட்டும் வந்து டைம்அவுட் ஆனால், ஜிலிப்சி தானாகவே ஒவ்வொன்றாகக் கேட்கும் முறைக்கு மாறிக்கொள்ளும். அந்த நினைவு அந்த த்ரெட்டின் _ரெஸ்ஸில்தான் தங்கும். ஆகையால் த்ரெட் பூல் வைத்த நிரலில் ஒவ்வொரு த்ரெட்டும் தொடக்கத்தில் மட்டும் தடுக்கி விழும். வேண்டுகோளுக்கு ஒரு புது த்ரெட் உருவாக்கும் நிரலில் ஒவ்வொரு தேடலும் 5 நொடி. அதே கணினி, அதே நெட்வொர்க், ஒரு நிரல் வேகம், இன்னொன்று மந்தம் என்று குழம்புவது இதனால்தான். தீர்வு, சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓபன் ஆப்ஷன் (இரண்டாவது கேள்விக்குத் தனி சாக்கெட் திறக்கும்). ஐபிவி4 மட்டும் போதுமென்றால் கெட்அட்ரின்ஃபோவுக்குக் கொடுக்கும் ஹின்ட்ஸில் ஏஎஃப்_ஐநெட் கொடுங்கள். குவாட்-ஏ கேள்வியே போகாது.

*

ரெஸ்_என்க்வெரி திருப்பித் தரும் நீளத்தை அப்படியே, பதிலைப் பிரித்துப் படிக்கும் என்எஸ்_இனிட்பார்ஸுக்குக் கொடுக்காதீர்கள். பதில் உங்கள் பஃபரைவிடப் பெரிதாக இருந்தால், ஜிலிப்சி பஃபர் கொள்ளும் அளவை மட்டும் நிரப்பிவிட்டு, பதிலின் முழு நீளத்தைத் திருப்பும். 512 பைட் பஃபர், திரும்பியது 1400 என்றால், பார்ஸர் பஃபரைத் தாண்டிப் படிக்கும். திரும்பிய எண் பஃபர் அளவைவிடப் பெரிதா என்று பார்த்து, பெரிதானால் பெரிய பஃபரோடு மறுபடி கேளுங்கள். டிசிபியில் அதிகபட்சம் 65535 பைட். டெக்ஸ்ட் ரெக்கார்டு படிக்கும் நிரல்களில் இந்த ஓட்டை நிறையவே கிடக்கிறது.

மைனஸ் ஒன்று வந்தால் எர்நோவைப் பார்க்காமல் ஸ்டேட்டில் உள்ள ரெஸ்_எச்_எர்நோவைப் பாருங்கள். ட்ரை_அகெய்ன் என்றால் டைம்அவுட்டாகவும் இருக்கலாம், நேம்சர்வர் சர்வ்ஃபெயில் (என்னால் பதில் தர முடியவில்லை) சொன்னதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே எண்.

*

புதிதாக எழுதுகிறவர்கள் சி-ஏரெஸ் என்ற தனி டிஎன்எஸ் நூலகத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அதில் நேம்சர்வர் ஒரு சேனலுக்கு (அமைப்புகளைத் தாங்கும் தனி அமர்வு) உரியது, _ரெஸ், என்எஸ்ஸ்விட்ச் தகராறு இல்லை. ஆனால் அதற்கும் சொந்தக் குழிகள் உண்டு.

ஆப்ஷன்ஸ் ஸ்ட்ரக்டில் மதிப்பை வைத்தால் மட்டும் போதாது, ஆப்ட்மாஸ்க்கில் அதற்குரிய பிட்டும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மதிப்பை மௌனமாகத் தள்ளிவிடும். டைம்அவுட் என்ற ஒரே புலத்துக்கு இரண்டு பிட்: ஆப்ட்_டைம்அவுட் என்றால் நொடி, ஆப்ட்_டைம்அவுட்எம்எஸ் என்றால் மில்லிநொடி. 2000 எழுதிவிட்டு முதல் பிட்டைப் போட்டால் முதல் முயற்சிக்கே 33 நிமிடம் காத்திருக்கும்! நேம்சர்வர்களை ஆப்ஷன்ஸ் வழியாகக் கொடுத்தால் ஐபிவி4 மட்டுமே நுழையும். சேனல் உருவான பிறகு ஏரெஸ்_செட்_சர்வர்ஸ்_போர்ட்ஸ்_சிஎஸ்வி மூலம் கொடுப்பது மேல், அதில் ஐபிவி6, போர்ட் எண் இரண்டும் போகும்.

சாக்கெட்டில் ஏதாவது வரும்வரை காத்திருந்து அப்புறம் ஏரெஸ்_ப்ராசஸ் கூப்பிடுவது போதாது. பாக்கெட் தொலைந்துவிட்டால் எதுவுமே வராது, மறுமுயற்சியும் போகாது, நிரல் அப்படியே உட்கார்ந்திருக்கும். செலக்ட் அல்லது போலுக்குக் கொடுக்கும் காத்திருப்பு நேரத்தை ஏரெஸ்_டைம்அவுட்டிடம் கேட்டு வாங்க வேண்டும். 1024க்கு மேல் ஃபைல் டிஸ்கிரிப்டர் திறக்கும் சர்வர்களில் ஏரெஸ்_எஃப்டிஸ் பக்கமே போகாதீர்கள், எஃப்டி_செட் கொள்ளாது. 1.26.0 பதிப்பிலிருந்து ஈவென்ட் த்ரெட் ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டால் இந்த லூப் வேலையை நூலகமே பார்த்துக்கொள்ளும். கால்பேக் அந்த த்ரெட்டில் ஓடும் என்பதால் லாக் உங்கள் பொறுப்பு.

கால்பேக் எப்போது வரும் என்று எதையும் அனுமானிக்கக் கூடாது. ஹோஸ்ட்ஸ் கோப்பிலோ கேஷிலோ பதில் இருந்தால், ஏரெஸ்_கெட்அட்ரின்ஃபோ திரும்புவதற்குள்ளேயே கால்பேக் ஓடி முடிந்துவிடும். கூப்பிட்ட பிறகு 'நிலுவையில் ஒன்று' என்று எண்ணிக்கையைக் கூட்டினால், கால்பேக் அதற்கு முன்பே அதைக் குறைத்திருக்கும், கணக்கு தப்பும். கூப்பிடும் முன் கூட்டுங்கள். ஏரெஸ்_டெஸ்ட்ராய் கூப்பிட்டால் நிலுவையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஏரெஸ்_ஈடெஸ்ட்ரக்ஷன் நிலையோடு கால்பேக் வரும். எனவே சேனலை முதலில் அழித்து, கால்பேக்குக்குக் கொடுத்த தரவை அதன்பின் ஃப்ரீ செய்யுங்கள். கால்பேக்குக்குள் இருந்து டெஸ்ட்ராய் கூப்பிடக் கூடாது.

*

சி-ஏரெஸ் பற்றி ஒரு சேர்க்கை. 1.31.0இலிருந்து அதன் கேஷ் இயல்பாகவே திறந்திருக்கும், உச்சவரம்பு 3600 நொடி. பழைய பதிப்பில் இருந்து ஏறியவர்கள் நேம்சர்வரில் ரெக்கார்டை மாற்றிவிட்டு நிரல் பழைய முகவரிக்கே போகிறதே என்று திகைக்க வேண்டாம். க்யூகேஷ்_மேக்ஸ்_டிடிஎல் மதிப்பைப் பூஜ்யமாக்கி, க்வெரி_கேஷ் பிட்டையும் மாஸ்க்கில் ஏற்றினால் கேஷ் அணைந்துவிடும்.