மேலூர் வயலும் டோக்கியோ கடையும்

குழு: மேலூர் வீட்டுச் சொந்தம்

அண்ணன்: எல்லாருக்கும் ஒரு விஷயம். டோக்கியோல ஓடிக்கிட்டிருக்கிற நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒண்ணு விலைக்கு வருது. அடுப்பு, ஃப்ரிட்ஜ், டேபிள் எல்லாம் அப்படியே. 50 லட்சம் யென், நம்ம காசுக்கு 29 லட்சம். கடையை வாங்கினா அதை வச்சே பிசினஸ் மேனேஜர் விசா, அதாவது அங்க சொந்தத் தொழில் நடத்துறவங்களுக்கான விசா கிடைக்குமாம், குடும்பத்தையும் கூட்டிட்டுப் போகலாமாம். ஏஜென்ட் வெள்ளிக்கிழமை 5 லட்சம் அட்வான்ஸ் கேக்குறார்.

பெரியப்பா: வயலை வித்துரலாம், வாங்க ஆள் பார்த்தாச்சு. வெள்ளிக்கிழமைக்கே பத்திர ஆபீஸ்ல டோக்கன் போட்டிருக்கு. அவன் நல்லா இருந்தா போதும்.

அம்மா: சித்திகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாப்பா?

டோக்கியோ சித்தி: இப்பத்தான் பார்த்தேன்க்கா, ட்ரெயின்ல இருக்கேன். தம்பி, அட்வான்ஸ் குடுக்காதே. அந்த விசாவுக்கு 50 லட்சம் யென் மூலதனம் போதும்ங்கிறது பழைய கணக்கு. 2025 அக்டோபர் 16-லேருந்து மாத்திட்டாங்க. இப்ப 3 கோடி யென் மூலதனம் காட்டணும்.

அண்ணன்: 3 கோடியா?

டோக்கியோ சித்தி: ஆமாய்யா. நம்ம காசுக்கு ஒண்ணேமுக்கால் கோடி கிட்ட வரும்.

அண்ணன்: ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். அது புதுசா கம்பெனி ஆரம்பிக்கிறவங்களுக்குத்தான், ஓடுற கடைக்கு இல்லைங்கிறார்.

டோக்கியோ சித்தி: தப்பு. கடை பழசா இருந்தாலும் விசா கேக்குற ஆள் புதுசு. ஏற்கெனவே இந்த விசாவில இருக்கிறவங்களுக்கு மட்டும் 2028 அக்டோபர் 16 வரைக்கும் அவகாசம் குடுத்திருக்காங்க. விக்கிறவருக்கு அது இருக்கலாம், உனக்கு மாறி வராது.

டோக்கியோ சித்தி: முழுநேர ஆள் ஒருத்தரும் வைக்கணும். ஜப்பான்காரரா இருக்கணும், இல்லேன்னா இங்க நிரந்தரமாத் தங்க உரிமை உள்ளவர், ஜப்பான்காரரைக் கட்டினவர் மாதிரி ஆளா இருக்கணும். மதுரைலேருந்து மாஸ்டரைக் கூட்டிட்டு வந்தா அவர் அந்தக் கணக்குல சேர மாட்டார். உனக்கோ, கடையில முழுநேரமா வேலை பார்க்கிற ஒருத்தருக்கோ என்-2 அளவுக்கு, அதாவது ஜப்பான் மொழித் தேர்வுல மேலேருந்து ரெண்டாவது நிலை அளவுக்கு, ஜப்பான் மொழி தெரியணும்.

நான்: அண்ணே, நான் பேங்க்ல விசாரிச்சேன். வெளிநாட்டுக்கு ஒரு ஆள் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைக்கும் அனுப்பலாம். ஆனா 10 லட்சம் ரூபாய்க்கு மேல போற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிப்பாங்க. 29 லட்சத்துக்கே 3,80,000 தனியா வேணும். வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கலாம், ஆனா அதுவரைக்கும் காசு முடங்கிரும்.

அண்ணன்: ஏழு வருஷமா விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு மெஸ்ஸுக்கு அடுப்புப் பத்த வைக்கிறேன் சித்தி. வாடகை ஏறிக்கிட்டே போகுது. பிள்ளைகளுக்காவது ஒரு வழி பண்ணலாம்னு பார்த்தேன்.

அம்மா: 😔

டோக்கியோ சித்தி: தெரியும்யா. உன் கைப்பக்குவத்துக்கு இங்க நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற நிஷிகசாய்ல வேலை இல்லாம போகாது. வேற வழியில பார்ப்போம். சமையல்காரங்களுக்குன்னு தனி விசா இருக்கு. 10 வருஷ அனுபவம் காகிதத்துல காட்டணும், கேட்டரிங் படிச்ச காலமும் அதுல சேரும். இங்க ஒரு கடை உன்னை வேலைக்கு எடுக்கணும். அந்த விசாவில சொந்தக் கடை நடத்த முடியாது, சம்பளத்துக்குத்தான். ஆனா பொண்டாட்டி புள்ளைகளைக் கூட்டிட்டு வரலாம்.

அண்ணன்: மெஸ் ஏழு வருஷம். படிப்பு ரெண்டு. அதுக்கு முன்னாடி கல்யாண மாஸ்டர்கிட்ட மூணு வருஷம்.

டோக்கியோ சித்தி: அந்த மாஸ்டர் இப்பவும் ஊர்லதானே இருக்கார்? சர்டிபிகேட் எழுதி வாங்கு. மெஸ் லைசென்ஸ், ஜிஎஸ்டி பேப்பர் எல்லாம் எனக்கு அனுப்பு. இங்க ஒரு விசா வக்கீல்கிட்ட காட்டிட்டுச் சொல்றேன்.

பெரியப்பா: டோக்கனை ரத்து பண்ணச் சொல்லிட்டேன்.

அண்ணன்: பெரியப்பா, உங்களைத்தான் ரொம்ப அலைய விட்டுட்டேன்.

பெரியப்பா: அதை விடு. அந்த ஆள்கிட்ட ஏதும் குடுத்து வச்சிருக்கியா?

அண்ணன்: பணம் குடுக்கல. பாஸ்போர்ட் அவர்கிட்டதான் இருக்கு.

பெரியப்பா: காலைல எட்டு மணிக்கு வந்துர்றேன். ரெண்டு பேரும் போய் வாங்கிட்டு வருவோம்.